முதலில் நிலத்தின் அமைப்பு, பிறகு நாளும் நட்சத்திரமும்
அவிநாசி வட்டாரத் தோட்டத்துக்குப் பெர்மாகல்ச்சரும் பயோடைனமிக்கும்

அவிநாசி வட்டாரம் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் மாதங்களில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் பெய்து ஓடிவிடும். மிச்ச நாட்களுக்கு ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும்தான் கதி.

இப்படிப்பட்ட ஊரில் இயற்கை வழியில் தோட்டம் போட வருகிறவர்கள் இரண்டு பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒன்று பெர்மாகல்ச்சர். மற்றொன்று உயிராற்றல் வேளாண்மை என்று தமிழில் சொல்லப்படும் பயோடைனமிக் முறை. இரண்டில் எதைச் செய்வது என்ற கேள்வி தவறாமல் வரும். இந்த அத்தியாயம் தரும் விடை இதுதான்: இரண்டையும் செய்யலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது. எதை எங்கே வைப்பது என்று சொல்வது பெர்மாகல்ச்சர். எப்போது செய்வது, மண்ணுக்கு எதை ஊட்டுவது என்று சொல்வது பயோடைனமிக். நீர் நிற்காத, காற்று தடுக்கப்படாத, மூடாக்கு இல்லாத நிலத்தில் எந்தக் கரைசலைத் தெளித்தாலும் வீண்.

இரண்டும் வந்த வழி

1924 ஜூன் மாதம். அன்றைய ஜெர்மனியில், இன்றைய போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி உழவர்கள் முன் எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். மண்ணும் விதையும் கால்நடையும் நலிந்துவருவதாக உழவர்கள் கவலைப்பட்டுக் கேட்டதன் பேரில் நிகழ்ந்தவை அவை. பண்ணை என்பது தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஓர் உயிர் என்பது அவர் சொன்னதன் சாரம். பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைப்பது, மூலிகைகளை எருக்குவியலில் இடுவது போன்ற தயாரிப்புகளையும் அவரே சொன்னார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். 1928இல் தொடங்கிய ‘டிமீட்டர்’ என்ற முத்திரை இன்றும் பயோடைனமிக் விளைபொருளுக்குச் சான்றாக இருக்கிறது. விதைப்புக்கு நாள் பார்க்கும் நாள்காட்டியைப் பிற்பாடு வளர்த்தெடுத்தவர் மரியா துன் என்ற ஜெர்மானியப் பெண்மணி.

இந்தியாவில் இது பரவியதற்கு முக்கியக் காரணம் நியூசிலாந்துக்காரரான பீட்டர் ப்ராக்டர். 1990களில் இங்கே வரத் தொடங்கி, ஊர் ஊராகப் போய்ச் சாண எரு தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார். 1999இல் இந்திய பயோடைனமிக் சங்கம் உருவானது. நமக்குப் பக்கத்தில் இந்த முறை வேரூன்றிய இடம் கொடைக்கானல் மலை.

பெர்மாகல்ச்சர் பிறந்தது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில். பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் இருவரும் 1978இல் வெளியிட்ட நூல் அதன் தொடக்கம். 1987இல் மாலிசன் இந்தியா வந்து, இன்றைய தெலங்கானாவின் ஜாகீராபாத் பக்கத்து வறண்ட நிலத்தில் பயிற்சி தந்தார். மண்ணைப் பேணு, மனிதரைப் பேணு, மிஞ்சியதைப் பகிர் என்பவை அதன் மூன்று நெறிகள். காடு எப்படித் தன்னைத் தானே நடத்திக்கொள்கிறதோ அப்படி வீடும் தோட்டமும் அமைய வேண்டும் என்பதே நோக்கம்.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு பெயரையும் அறியாதவர்கள்கூட கோ. நம்மாழ்வாரை அறிவார்கள். கரூர் மாவட்டம் கடவூரில் வறண்ட நிலத்தில் அவர் உருவாக்கிய வானகம், நிலத்தை வடிவமைப்பதில் தொடங்கி மண்ணுக்கு உயிர் ஊட்டுவது வரை ஒரே கல்வியாகக் கற்பித்தது. 2013 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்தக் கல்வி தொடர்கிறது.

ஒன்றுபடும் இடமும் பிரியும் இடமும்

வெளியிலிருந்து எதையும் வாங்காமல் பண்ணைக்குள்ளேயே சத்து சுழல வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்று. ஒரே பயிரை நம்பக் கூடாது, கால்நடை பண்ணையின் அங்கம், நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டுக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் விட வேண்டும் என்பதிலும் அப்படியே. டிமீட்டர் விதிகளின்படி பண்ணைப் பரப்பில் 10 விழுக்காடு உயிர்ப் பன்மையத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும், மாட்டின் கொம்பைத் தீய்க்கக் கூடாது. பெர்மாகல்ச்சரில் வீட்டைச் சுற்றி மண்டலங்கள் வகுப்பார்கள். அதில் ஐந்தாம் மண்டலம் முழுக்க முழுக்க மனிதக் கை படாத இடம்.

பிரியும் இடம் நம்பிக்கை. பயோடைனமிக் முறைக்கு அடியில் ஸ்டைனரின் ஆன்மிகப் பார்வை இருக்கிறது. நிலவும் கோள்களும் பயிரோடு தொடர்புடையவை என்று அது கொள்கிறது. பெர்மாகல்ச்சர் எந்த ஆன்மிகத்தையும் கேட்பதில்லை. கண்ணால் பார், அளந்து பார், பிறகு வடிவமை என்பதே அதன் வழி. பயோடைனமிக் முறைக்குப் பொருளுக்கான சான்று உண்டு. பெர்மாகல்ச்சரில் பொருளுக்குச் சான்று கிடையாது. 72 மணி நேர வடிவமைப்புப் பயிற்சியே அங்கு நுழைவாயில்.

கொங்கு நாட்டில் முன்பே இருந்தது

இரண்டும் அயல்நாட்டுப் பெயர்கள். ஆனால் இரண்டின் வேலையும் நம் காட்டில் நடந்துகொண்டிருந்தது. அவிநாசிக்குத் தென்கிழக்கே காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் இன்றும் கொறங்காடுகள் இருக்கின்றன. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். காட்டைப் பிரித்து, ஒரு பகுதியை மேயவிட்டு, மறு பகுதியைப் புல் வளர விடுவார்கள். மாடும் ஆடும் மேய்ந்த இடத்திலேயே சாணமும் புழுக்கையும் விழும். உழவில்லை, உரமில்லை, பாசனமில்லை. மழையை மட்டும் நம்பிக் காங்கேயம் மாட்டினத்தைக் காத்து வந்த அமைப்பு இது. மரம், புல், விலங்கு, வேலி நான்கையும் ஒன்றுக்கொன்று உதவும்படி வைப்பதைத்தான் பெர்மாகல்ச்சர் வடிவமைப்பு என்கிறது.

காடுகளுக்கு நடுவே ஓடும் இட்டேறிகளையும் சேர்த்துப் பாருங்கள். இரு பக்கமும் கிளுவையும் கள்ளியும் கொடிகளும் படர்ந்த அந்த வண்டித்தடங்கள் பாம்புக்கும் கீரிக்கும் காடைக்கும் தேனீக்கும் வீடு. பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்னும் உயிர்கள் அங்கேதான் இருந்தன. இட்டேறியை வெட்டிக் கம்பிவேலி போட்ட இடங்களில் அந்தக் காவலும் போய்விட்டது.

பயோடைனமிக் பக்கம் பார்த்தால், பட்டம் பார்த்து விதைத்ததும், மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் பார்த்து வேலை தொடங்கியதும், கட்டுத்தரைச் சாணத்தைக் குப்பைமேட்டில் மக்கவைத்து எருவாக்கியதும் நம் பண்ணையத்தின் அன்றாடம். ஆகவே புதிதாக ஒரு மதத்தில் சேர்வதுபோல் இதில் யாரும் சேர வேண்டியதில்லை. விட்டதை அறிவோடு திரும்ப எடுப்பதுதான் வேலை.

முதல் படி: நீரும் காற்றும்

கணக்கிலிருந்து தொடங்குங்கள். 600 மில்லிமீட்டர் மழையில் ஓர் ஏக்கரில் விழும் நீர் ஏறத்தாழ 24 லட்சம் லிட்டர். 1,000 சதுர அடிக் கூரையில் விழுவது 55 ஆயிரம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 44 ஆயிரம் லிட்டர் கையில் நிற்கும். இதை ஓடவிட்டுவிட்டு லாரிக்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை.

1. சமமட்டக் கோடு கண்டுபிடியுங்கள். ஒரே நீளமுள்ள இரண்டு குச்சிகளை உச்சியில் கட்டி, நடுவில் ஒரு குறுக்குக் குச்சி வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டால் மட்டம் பார்க்கும் சட்டம் தயார். இதை நடத்திக்கொண்டே போய் மட்டமான புள்ளிகளில் முளை அடியுங்கள்.
2. அந்தக் கோட்டில் 2 அடி அகலம், 1.5 அடி ஆழத்தில் வாய்க்கால்குழி எடுங்கள். மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கரையாகப் போடுங்கள். கரையில் அகத்தி, கிளைரிசிடியா, துவரை, கொழுக்கட்டைப் புல் நடலாம். மழை நீர் ஓடாமல் குழியில் நின்று இறங்கும்.
3. காய்கறிக்கு மேட்டுப்பாத்தி வேண்டாம். மழை அதிகமுள்ள ஊர்களுக்கு எழுதப்பட்ட நூல்கள் மேட்டுப்பாத்தியைச் சொல்லும். நம் ஊரில் தரைமட்டத்துக்கு அரை அடி கீழே பள்ளப்பாத்திதான் ஈரத்தைக் காக்கும்.
4. மேற்கிலும் தென்மேற்கிலும் காற்றுத் தடுப்பு அவசியம். ஆனி, ஆடியில் வீசும் காற்று இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சிவிடும். வெளியே கிளுவை வேலி, அடுத்து வேம்பு, ஊஞ்ச மரம், உள்ளே முருங்கை, அகத்தி என்று மூன்று அடுக்காக வையுங்கள். ஊஞ்ச மரத்தின் இலைதான் தலைக்குத் தேய்க்கும் அரப்பு.
5. குளித்த நீர் போகும் இடத்தில் வாழைக்குழி அமையுங்கள். 3 அடி ஆழ வட்டக் குழி வெட்டி, உள்ளே இலைச் சருகு நிரப்பி, கரையைச் சுற்றி வாழை, பப்பாளி, சேம்பு நடலாம்.

ஊருக்குப் பொதுவான நீரையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் மிஞ்சும் 1.5 டி.எம்.சி. நீரைக் குழாய் வழியே கொண்டுவந்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது திட்டம். உங்கள் தோட்டத்துக்கு மேலே அப்படி ஒரு குட்டை இருந்தால், அதன் வரத்து வாய்க்காலைத் தூர்க்காமல் பார்ப்பதும் உங்கள் தோட்ட வேலையே.

நீரின் அளவோடு அதன் தன்மையும் முக்கியம். நொய்யலின் கதை எல்லோருக்கும் தெரியும். சாயக்கழிவு ஆற்றில் கலந்ததால் ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளிவிடாமல் சுத்திகரித்தால்தான் இயங்கலாம் என்ற நிலை அதன் பின்னரே உறுதிப்பட்டது. ஆகவே பாத்தி வெட்டும் முன் கிணற்று நீரையும் மண்ணையும் வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கொம்பு எருவோ பஞ்சகவ்யமோ உப்பைப் போக்காது. மழைநீரை இறக்கிக் கழுவுவதும், உப்பைத் தாங்கும் பயிரைத் தேர்வதும், மட்கைச் சேர்ப்பதும்தான் வழி.

இரண்டாம் படி: மண்ணுக்குப் போர்வை

சித்திரை வெயிலில் திறந்து கிடக்கும் மண்ணில் நுண்ணுயிர் வாழாது. நுண்ணுயிர் இல்லாத மண்ணில் பயோடைனமிக் தயாரிப்புகளுக்கு வேலை இல்லை. எனவே அரை அடி உயர மூடாக்கு, தெளிப்புக்கு முந்தைய கட்டாயம்.

நம் வட்டாரத்தில் மூடாக்குக்குப் பஞ்சமில்லை. சேவூரில் நிலக்கடலையும் அவிநாசியில் பருத்தியும் ஏலம் போகும் ஊர் இது. நிலக்கடலைத் தோல், பருத்திமார், சோளத்தட்டில் மாடு கழித்தது, தென்னை மட்டை, மக்கிய நார்க்கழிவு எல்லாம் உதவும். பருத்திமாரை நறுக்கிப் போடுங்கள். பருத்திக்கு மருந்து அடித்த காட்டிலிருந்து வந்ததானால் ஓர் ஆண்டு மக்கவைத்த பிறகு மரங்களுக்கு மட்டும் இடுங்கள்.

பனியன் கம்பெனிகளிலிருந்து கிடைப்பவற்றில் தரம் பிரிக்கத் தெரிய வேண்டும். பெரிய அட்டைப் பெட்டிகள் நல்ல பொருள். டேப்பையும் பளபளப்பான அச்சுத் தாளையும் உரித்துவிட்டு, நனைத்து, களை மேல் விரித்து, அதன் மேல் சருகு போட்டால் கோரையைத் தவிர்த்த பெரும்பாலான களைகள் அடங்கும். நூற்பாலையில் விழும் சாயம் ஏறாத பஞ்சுக் கழிவை எருக்குவியலில் மெல்லிய அடுக்காகச் சேர்க்கலாம். கட்டிங் வேஸ்ட் வேண்டவே வேண்டாம். சாயமும் பாலியஸ்டரும் எலாஸ்டிக் நூலும் கலந்த துணி மக்காது, மண்ணில் பிளாஸ்டிக் இழையாக நிற்கும். சாயப்பட்டறைச் சேற்றை எந்தக் காரணத்துக்காகவும் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

முதல் ஆண்டு வெறும் நிலமாக இருந்தால் பலதானிய விதைப்பிலிருந்து தொடங்குங்கள். தானியம், பயறு, எண்ணெய் வித்து, நறுமணப் பயிர், பசுந்தாள் உரப்பயிர் எல்லாம் கலந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ வரை விதைத்து, பூக்கும் தறுவாயில், சுமார் 50ஆம் நாளில் மடக்கி உழுங்கள். நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன வழிகளுள் ஒன்று இது. களைத்த மண்ணுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

மூன்றாம் படி: எரு

பயோடைனமிக் முறையில் தொடக்கநிலைக்காரருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சாணக்குழி எரு. மரியா துன் பீப்பாயில் செய்ததை, இந்தியச் சூழலுக்கு ஏற்ப எளிமையான குழி முறையாகப் பரப்பியவர் ப்ராக்டர்.

1. நிழலில், நீர் தேங்காத இடத்தில் 3 அடி நீளம், 2 அடி அகலம், 1 அடி ஆழத்தில் குழி எடுங்கள். பக்கங்களில் மட்டும் செங்கல் வையுங்கள். அடியில் மண்ணே இருக்கட்டும், மண்புழு ஏறி வர வேண்டும்.
2. புதிய சாணம் 60 கிலோ. நாட்டு மாட்டுச் சாணம், வைக்கோலும் மண்ணும் கலக்காதது. ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும் என்பதால் ஒரு மாட்டுச் சாணத்தையே ஒரு வாரம் சேர்த்தால் போதும்.
3. பொடித்த முட்டை ஓடு 200 கிராம், கருங்கல் தூள் 200 கிராம் சேர்த்து, மாவு பிசைவதுபோல் கால் மணி நேரம் பிசையுங்கள்.
4. குழியில் நிரப்பி, விரலால் துளையிட்டு, 502 முதல் 506 வரையிலான மூலிகைத் தயாரிப்புகளை ஒவ்வொரு துளையில் இட்டு மூடுங்கள். 507 நீர்மமாக இருக்கும். அதைத் தண்ணீரில் கலந்து மேலே தெளியுங்கள்.
5. ஈரச் சாக்கால் மூடி, காயாமல் பாருங்கள். நான்கு வாரம் கழித்துக் கிளறிவிடுங்கள். மூன்று, நான்கு மாதத்தில் சாண வாடை போய் மண் வாசனை வந்தால் எரு தயார்.

ஏக்கருக்கு 1 கிலோ எருவை 40 லிட்டர் நீரில் கால் மணி நேரம் கலக்கி, மாலையில் ஈர மண்ணில் தெளிக்கலாம். நாற்றின் வேரை நனைத்து நடலாம். மரத்தின் பட்டையில் பூசலாம்.

502 முதல் 507 வரை உள்ளவை ‘யாரோ’ (yarrow) என்ற செடி, சாமந்தி வகையான கெமோமில், செந்தட்டி, ஓக் பட்டை, டான்டிலியன், வலேரியன் ஆகிய குளிர்நாட்டுச் செடிகளிலிருந்து வருபவை. அவிநாசி வெயிலில் இவற்றில் பெரும்பாலானவை வளரா. மலைப்பகுதியில் தயாரிப்பவரிடம் வாங்கிக்கொள்வதே நடைமுறை. 508 மட்டும் நமக்குக் கைக்கெட்டும். ஐரோப்பாவில் குதிரைவால் என்ற செடியைக் கொதிக்கவைத்து எடுக்கும் இந்தக் கஷாயத்துக்கு, இந்தியாவில் சவுக்கு இலையைப் பயன்படுத்துகிறார்கள். மார்கழிப் பனியில் வரும் சாம்பல் நோய்க்கு முன்தடுப்பாக இதைத் தெளிப்பார்கள்.

தயாரிப்புகள் கிடைக்காவிட்டால் வேலையை நிறுத்த வேண்டாம். நம் பக்கத்திலேயே பிறந்த தீர்வு இருக்கிறது. பஞ்சகவ்யத்தை வேளாண்மைக்கு ஏற்றபடி வகுத்துப் பரப்பியவர் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன். சாணம் 7 கிலோவையும் நெய் 1 கிலோவையும் பிசைந்து மூன்று நாள் வையுங்கள். கோமியம் 10 லிட்டர், நீர் 10 லிட்டர் சேர்த்து 15 நாள் காலையும் மாலையும் கலக்குங்கள். பிறகு பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, கனிந்த பூவன் பழம் 12 சேருங்கள். முப்பதாம் நாளில் தயார். 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் கலந்து தெளிக்கலாம்.

நான்காம் படி: கொம்பு எருவும் கொம்பு சிலிக்காவும்

பயோடைனமிக் முறையின் அடையாளம் இந்த இரண்டு. 500 என்ற எண்ணுள்ளது மண்ணுக்கு, 501 இலைக்கு.

கொம்பு எருவுக்குக் கறவைப் பசுவின் சாணத்தை, இறந்த பசுவின் கொம்பில் நிரப்பிப் புரட்டாசி கடைசியில் நல்ல மண்ணில் புதைத்து மாசி, பங்குனியில் எடுப்பார்கள். குளிர் மாதங்கள் முழுக்க அது மண்ணுக்குள் இருக்கும். ஏக்கருக்கு 25 முதல் 30 கிராம் போதும். 13 முதல் 15 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இட்டு, ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். கோலால் ஒரு பக்கமாகச் சுழற்றி ஆழமான சுழி உண்டானதும், திசையை மாற்றிச் சுழியைக் கலைத்து மறுபடி சுழற்றுவார்கள். மாலையில், ஈர மண்ணில், வேப்பிலைக் கொத்தால் பெரிய துளிகளாக விசிறினால் ஆயிற்று. கலக்கிய கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள். நம் ஊரில் இதற்கு ஏற்ற நேரம் ஐப்பசி மழைக்குப் பின்னும், சித்திரைக் கோடை மழைக்குப் பின்னும். காய்ந்த மண்ணில் தெளிக்காதீர்கள்.

கொம்பு சிலிக்கா வெள்ளைக்கல் தூளிலிருந்து செய்வது. இது கோடையில் மண்ணுக்குள் இருந்து புரட்டாசியில் வெளிவரும். ஏக்கருக்கு 1 கிராம் மட்டுமே. அதேபோல் ஒரு மணி நேரம் கலக்கி, சூரியன் எழும் நேரத்தில் மெல்லிய பனிபோல் இலை மேல் தெளிப்பார்கள். வெயில் ஏற்கெனவே கொளுத்தும் மாசி முதல் ஆடி வரை நம் பகுதியில் இதைத் தவிர்ப்பது நல்லது. மார்கழி, தையில் மேகமூட்டம் இருக்கும்போது கீரைக்கும் வெங்காயத்துக்கும் பயன்படுத்தலாம்.

நாள் பார்ப்பது

மரியா துன் நாள்காட்டி, சந்திரன் எந்த ராசியில் நிற்கிறது என்று பார்த்து நாட்களை வேர், இலை, பூ, கனி என நான்காகப் பிரிக்கிறது. ஒவ்வொரு ராசியிலும் சந்திரன் ஏறத்தாழ இரண்டேகால் நாள் இருக்கும். இதற்குத் தனி நாள்காட்டி வாங்க வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் நட்சத்திரம் இருக்கிறது.

வேர் நாள் (ரிஷபம், கன்னி, மகரம்): கார்த்திகை 2–4ஆம் பாதம், ரோகிணி, மிருகசீரிடம் 1–2, உத்திரம் 2–4, அஸ்தம், சித்திரை 1–2, உத்திராடம் 2–4, திருவோணம், அவிட்டம் 1–2. முள்ளங்கி, மஞ்சள், மரவள்ளி, சின்ன வெங்காயம்.

இலை நாள் (கடகம், விருச்சிகம், மீனம்): புனர்பூசம் 4, பூசம், ஆயில்யம், விசாகம் 4, அனுஷம், கேட்டை, பூரட்டாதி 4, உத்திரட்டாதி, ரேவதி. கீரை, கொத்தமல்லி, தீவனப்புல்.

பூ நாள் (மிதுனம், துலாம், கும்பம்): மிருகசீரிடம் 3–4, திருவாதிரை, புனர்பூசம் 1–3, சித்திரை 3–4, சுவாதி, விசாகம் 1–3, அவிட்டம் 3–4, சதயம், பூரட்டாதி 1–3. மல்லிகை, சம்பங்கி, செண்டுமல்லி.

கனி நாள் (மேஷம், சிம்மம், தனுசு): அசுவினி, பரணி, கார்த்திகை 1, மகம், பூரம், உத்திரம் 1, மூலம், பூராடம், உத்திராடம் 1. தக்காளி, கத்தரி, அவரை, நிலக்கடலை, கம்பு, சோளம்.

மரியா துன் வானில் தெரியும் நட்சத்திரக் கூட்டங்களின் உண்மை அகலத்தைக் கொள்வதால், ராசி எல்லைகளில் பஞ்சாங்கத்தோடு சற்று வேறுபாடு வரும். நடுவில் உள்ள நாளைத் தேர்ந்தால் சிக்கலில்லை.

நம் மேல்நோக்கு, கீழ்நோக்கு நாட்களும் இதுவும் ஒன்றல்ல. ரோகிணி பஞ்சாங்கத்தில் மேல்நோக்கு நாள், பயோடைனமிக் கணக்கில் வேர் நாள். மகமும் பூரமும் கீழ்நோக்கு நாட்கள், அங்கே கனி நாட்கள். இரண்டையும் கலந்தால் குழப்பமே மிஞ்சும். ஒன்றைத் தேர்ந்து அதையே ஓர் ஆண்டு பின்பற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. மானாவாரிக் காட்டில் ஈரம் இருக்கும் நாளே நல்ல நாள். மழை பெய்து மண் பதமாக இருக்கையில், கனி நாளுக்காக நான்கு நாள் காத்திருந்து ஈரத்தை இழந்தால் பட்டம் போய்விடும். பாசனத் தோட்டத்துக்கு நாள் பாருங்கள், மானாவாரிக்கு மேகம் பாருங்கள்.

அறிவியல் சொல்வதும் நீங்கள் செய்ய வேண்டிய சோதனையும்

சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்ற ஊரில் 1978 முதல் பயோடைனமிக், இயற்கை, ரசாயன முறைகளை அருகருகே வைத்து ஒப்பிடும் சோதனை நடக்கிறது. 2002இல் வெளியான 21 ஆண்டு முடிவின்படி, இயற்கை வழி நிலங்களில் விளைச்சல் சராசரியாக 20 விழுக்காடு குறைவு. ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 விழுக்காடு வரை குறைவாகவும், பூச்சிக்கொல்லி 97 விழுக்காடு குறைவாகவும் செலவாயின. பயோடைனமிக் நிலத்து மண்ணில் நுண்ணுயிர் வளம் மிகுந்திருந்தது. அதில் மட்கிய எருவின் பங்கு எவ்வளவு, கொம்புத் தயாரிப்பின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. நிலவு நாட்களால் விளைச்சல் கூடும் என்பதற்கு உறுதியான சான்று நிறுவப்படவில்லை. எருவும் மூடாக்கும் பல்பயிரும் மண்ணை வளர்க்கும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

எனவே உங்கள் தோட்டத்திலேயே சோதியுங்கள். ஒரே அளவில் நான்கு பாத்திகள், ஒரே விதை, ஒரே நீர், ஒரே மூடாக்கு. இரண்டில் மட்டும் கொம்பு எரு தெளியுங்கள். எந்த இரண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். அறுவடையை எடை போட்டு எழுதுங்கள். ஒரு சதுர அடி மண்ணைத் தோண்டி மண்புழுவை எண்ணுங்கள். மூன்று போகம் தொடர்ந்து செய்த பிறகு முடிவுக்கு வாருங்கள். தெளிக்க நிலத்துக்கு அடிக்கடி போவதாலேயே பூச்சியும் நோயும் முன்கூட்டிக் கண்ணில் படும். அதுவும் ஒரு பயன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஆண்டின் வேலை வரிசை

சித்திரை, வைகாசி: சமமட்டக் குழிகள், குட்டைத் தூர்வாரல். கோடை மழை கிடைத்ததும் பலதானியம் விதைத்தல்.

ஆனி, ஆடி: காற்றுத் தடுப்பைச் சீர்செய்தல். பலதானியத்தை மடக்கி உழுதல். நாற்றங்காலைக் காற்றுப் படாமல் காத்தல். ஈரம் இருந்தால் ஆடிப்பட்டத்துக்குத் துவரை, அவரை, சோளம்.

ஆவணி, புரட்டாசி: சாணக்குழி எரு தொடங்கல். கிளுவைப் போத்து, மரக்கன்றுகளுக்குக் குழி எடுத்தல். கொம்பு புதைத்தல்.

ஐப்பசி, கார்த்திகை: மரக்கன்றும் வேலியும் நடுதல். மழைக்குப் பின் கொம்பு எரு தெளித்தல். தடித்த மூடாக்கு.

மார்கழி, தை: கீரை, முள்ளங்கி, வெங்காயம். சவுக்குக் கஷாயம். சாணக்குழி எரு எடுத்துப் பயன்படுத்தல்.

மாசி, பங்குனி: கொம்பு எடுத்தல். விதை சேகரித்தல். மூடாக்கை இன்னொரு கை உயர்த்துதல். கணக்குப் பார்த்து அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடல்.

வாடகை வீட்டில், மொட்டை மாடி மட்டும் உள்ளவர்களுக்கும் இதே வரிசைதான். முதலில் நிழல் வலையும் காற்று மறைப்பும், அடுத்துத் தொட்டி மண்ணுக்கு மூடாக்கு, பிறகு சமையலறைக் கழிவில் எரு, அதன் பின்னரே தெளிப்பும் நாளும்.

தொடங்க நல்ல மாதம் எது என்று கேட்பவர்கள், மழைக்கு முன் வரும் மாதத்தைப் பிடியுங்கள். மட்டச் சட்டம் ஒன்று கட்டுங்கள், ஒரே ஒரு சமமட்டக் குழி எடுங்கள், அதன் கரையில் கிளுவையும் அகத்தியும் நடுங்கள். அந்தக் குழியில் முதல் மழை எத்தனை மணி நேரம் நின்று இறங்கியது என்று எழுதிவையுங்கள். அடுத்த குழியை எங்கே எடுப்பது, எந்தப் பாத்தியை எங்கே போடுவது என்பதை அந்தக் குறிப்பு சொல்லிவிடும். அத்தனையும் நிலைத்த பிறகு கொம்பு எருவைக் கையில் எடுங்கள். அது வேலை செய்ய உயிருள்ள மண் அப்போது உங்களிடம் இருக்கும்.